ஒரு பகுதிக்கு ஒரே விநியோகஸ்தர் என்று ஒப்பந்தம் போடுவது சிறு வணிகர்களுக்கு எதிரானதா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அவர் விற்கும் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம், அந்தப் பகுதி முழுவதற்கும் ஒருவரை ஏக விநியோகஸ்தராக நியமித்துவிட்டது. நேரடியாக வந்துகொண்டிருந்த சரக்கை இனி அந்த ஒருவரிடம்தான் வாங்க வேண்டும். "இது போட்டியை நசுக்குவது இல்லையா? சட்டம் எப்படி அனுமதிக்கிறது?" என்கிறார்.

விநியோக ஒப்பந்தங்களை எழுதுவதும் திருத்துவதும்தான் என் தொழில். நிறுவனங்களுக்கும் எழுதியிருக்கிறேன், டீலர்களுக்கும் எழுதியிருக்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதோடு விஷயம் நின்றால், பெரும்பாலான நாடுகளில் அது சட்டவிரோதம் ஆகாது. உரிமை யாருக்குப் போனது என்பதை விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தம் யார் கையைக் கட்டுகிறது என்று பாருங்கள்.

நிறுவனம் தன் கையைத் தானே கட்டிக்கொள்வது ஒரு வகை. "இந்தப் பகுதியில் உன்னைத் தவிர யாருக்கும் சரக்கு தர மாட்டேன்" என்கிறது. இதற்கு நியாயமான காரணம் உண்டு. பெயர் தெரியாத பொருளைச் சந்தையில் நிறுத்த, விநியோகஸ்தர் கிடங்கு எடுத்து, ஆள் போட்டு, விளம்பரமும் செய்ய வேண்டும். அந்தச் செலவு எதுவும் செய்யாத ஒருவர் அடுத்த மாதமே அதே பொருளை விலை குறைத்து விற்க முடியும் என்றால், முதலாமவர் எந்த நம்பிக்கையில் பணம் போடுவார்? அமெரிக்காவில் சில்வேனியா என்ற டிவி நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1960களின் தொடக்கத்தில் அதன் சந்தைப் பங்கு 1 முதல் 2 சதவீதம்தான். டீலர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து மட்டுமே விற்கலாம் என்றது. 1965 வாக்கில் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம் ஆனது. இப்படிப்பட்ட கட்டுப்பாடு தானாகவே சட்டவிரோதம் ஆகாது, அதன் விளைவை எடைபோட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. சிறியவர் என்றால் எப்போதும் கடைக்காரர்தான் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே சிறியவராக இருந்தது தயாரிப்பாளர்.

அடுத்த வகை, வியாபாரியின் கையைக் கட்டுவது. "என் சரக்கு வேண்டுமென்றால் போட்டி நிறுவனத்தின் சரக்கைத் தொடாதே." நான் நிஜமாகவே பயப்படுவது இதற்குத்தான். சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் இப்படிச் சொன்னால், எந்த டீலருக்கும் மறுக்கத் துணிவு வராது. செயற்கைப் பற்கள் தயாரித்த டென்ட்ஸ்ப்ளை நிறுவனத்துக்கு அமெரிக்கச் சந்தையின் வருமானத்தில் 75 முதல் 80 சதவீதம் வரை இருந்தது. டீலர்கள் போட்டி நிறுவனங்களின் பற்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று 1993இல் விதி போட்டது. வேடிக்கை என்னவென்றால், அங்கே நீண்டகால ஒப்பந்தமே இல்லை. வியாபாரம் ஆர்டருக்கு ஆர்டர்தான், டீலர் எந்த நாளும் விலகலாம். போட்டியாளர்களும் அந்தப் பற்களை வாங்கும் பல் ஆய்வகங்களுக்கு நேரடியாக விற்கத் தடையில்லை. கீழ் நீதிமன்றம் இதையெல்லாம் காட்டி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. காகிதத்தில் வழி இருப்பது போதாது, டீலர் வழியாகத்தான் அந்தத் தொழில் நடக்கிறது என்றால் டீலர்களை அடைப்பது சந்தையையே அடைப்பதுதான் என்பது அதன் சாரம்.

மூன்றாவது வகையில் வெளியிலிருந்து சரக்கு வரும் வழியும் அடைக்கப்படுகிறது. ஜெர்மனியின் க்ரூண்டிக் நிறுவனம் பிரான்ஸ் முழுவதற்குமான உரிமையைக் கான்ஸ்டன் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. இன்னொருவர் ஜெர்மனியிலேயே சரக்கு வாங்கிப் பிரான்ஸில் மலிவாக விற்றபோது, கான்ஸ்டன் வழக்குப் போட்டது. அந்த முழுப் பாதுகாப்பு செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1966இல் சொல்லிவிட்டது. இன்றைய ஐரோப்பிய விதிகளும் (2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளவை) இதே வழியில்தான் போகின்றன. ஒரு பகுதிக்கு ஐந்து பேர் வரை தனி உரிமையோடு நியமிக்கலாம். வேறு பகுதி டீலர் அங்கே போய் வாடிக்கையாளர் பிடிப்பதைத் தடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் தானாகத் தேடி வந்தால் விற்கக் கூடாது என்று தடுக்க முடியாது. நிறுவனத்தின் சந்தைப் பங்கோ வாங்குபவரின் சந்தைப் பங்கோ 30 சதவீதத்தைத் தாண்டினால், ஒப்பந்தத்துக்கு இந்த விதிகள் தரும் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(4), ஏக விநியோகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டால்தான் தடை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பக்கத்துப் பகுதி விநியோகஸ்தரிடம் ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். கொடுத்தால், உங்களுக்கு வழி இருக்கிறது. நிறுவனம் தடுத்திருப்பதால் மறுக்கிறார் என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி ஆணையமோ வழக்கறிஞரோ முதலில் கேட்பது அதைத்தான். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்கிறார்களா, ஓடாத சரக்கையும் சேர்த்து எடுத்தால்தான் ஓடுகிற சரக்கு என்கிறார்களா என்றும் பாருங்கள். பல சமயம் ஏக உரிமையைவிட இந்த இரண்டும்தான் வலுவான புகார். கூடவே, அந்த பிராண்டுக்கு மாற்று இருக்கிறதா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் வாங்கக்கூடிய நாலு பிராண்டுகள் இருந்தால் புகார் நிற்பது கடினம். அந்த நேரத்தை வேறு நிறுவனத்தோடு பேசுவதில் செலவிடலாம்.

அப்படிப் பேசும்போது அந்த ஏக உரிமையை உங்களிடமே நீட்டக்கூடும். உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஆன்லைன் விற்பனையும் நிறுவனம் நேரடியாகக் கவனிக்கும் பெரிய வாடிக்கையாளர்களும் உங்கள் உரிமைக்குள் வருகிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் வர மாட்டார்கள். டார்கெட் தவறினால் உரிமை மட்டும் போகிறதா, டீலர்ஷிப்பே போகிறதா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம், ஒப்பந்தம் முடிந்தால் மிச்சச் சரக்கை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.