மாடிக் கத்தரியும் சென்னை வானமும்: கேள்வி பதில்

மொட்டை மாடியில் கத்தரி வைத்தவர்கள் அவ்வப்போது கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கேட்கும்போது கடந்த பத்து நாளாக உங்கள் பகுதியில் மழையா, வெயிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது தெரியாமல் இலைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது குத்துமதிப்புதான்.

வேளச்சேரி: அண்ணா, செடி நன்றாகத்தான் இருக்கிறது, நுனிக் குருத்து மட்டும் தலை தொங்கிக் காய்கிறது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர் போதாவிட்டால் செடி முழுக்கத் துவளும், தம்பி. தொங்குகிற குருத்தை இரண்டு விரல் கீழே வெட்டி நகத்தால் பிளந்து பாருங்கள், ஈர மரத்தூள் மாதிரி எச்சமும் அதற்குள் இளஞ்சிவப்பில் ஒரு புழுவும் இருக்கும். தண்டு, காய் துளைப்பான் என்பது இதுதான். காய் பிடித்ததும் காய்க்குள் போய்விடும், உள்ளே போன புழுவை மேலே அடிக்கிற மருந்து தொடாது. அதனால் குருத்திலேயே பிடிக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை வெட்டி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாடி மூலையில் வீசினால் புழு வெளியே வந்து கூட்டுப்புழுவாகி, வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டு உள்ள அந்துப்பூச்சியாக அதே செடிக்குத் திரும்பும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் இந்தச் சுற்று வேகமாக ஓடும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஐந்தாறு செடிப் பைதான் என்றால் கொசுவலை கட்டிவிடுங்கள். வலைக்குள் தேனீ வராவிட்டாலும் கத்தரிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், காலையில் பூக்காம்பை லேசாகச் சுண்டிவிட்டால் சரி.

மேடவாக்கம்: ஐயா, ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்ததும் செடி பச்சை மாறாமல் அப்படியே வாடிவிட்டது. என்ன மருந்து?

முதலில் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து நாறினால் பையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, கீழ்த் துளை அடைத்திருக்கும். வேர் நன்றாக இருந்தால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் போல வெண்மையாக இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். சூடான ஈர மண் அதற்குக் கொண்டாட்டம். மருந்து கிடையாது, கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம்.

அயனாவரம்: பொறிவண்டு நல்ல பூச்சி என்றீர்கள், அதுதான் என் இலையைத் தின்கிறது!

அது வேறு வண்டு, அம்மா. நல்ல பொறிவண்டின் முதுகு பளபளக்கும், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும். உங்களிடம் இருப்பது மங்கலாக, முதுகில் மெல்லிய ரோமத்தோடு நிறையப் புள்ளி வைத்த எபிலாக்னா. இலைப் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைக் குவியலும் முள்முள்ளான மஞ்சள் புழுவும் இருக்கும், கையால் எடுத்து நசுக்குங்கள், மாடிக்கு அதுவே போதும்.

பெரம்பூர்: அக்னி நட்சத்திரத்தில் இலை வெளுத்து, அடியில் நூலாம்படை. பூவும் கொட்டுகிறது.

நூலாம்படை செஞ்சிலந்தி என்ற பொடிச் சிலந்திப்பேனுடையது, வறண்ட வெயிலில்தான் பெருகும். இலையின் அடிப்பக்கம் படும்படி காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். குறையாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். நான் ஒரு மே மாதம் பதினோரு மணிக்கு அடித்து, மறுநாள் அப்பளம் மாதிரி கருகிய எட்டுச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றவன். செஞ்சிலந்திக்குத் தூவும் கந்தகத் தூளும் அந்த வெயிலில் இலையைப் பொசுக்கும். பூ கொட்டுவது பெரும்பாலும் சூட்டால், நிழல் வலை போட்டுக் காத்திருங்கள்.

திருவான்மியூர்: இலையெல்லாம் சிறுத்து, துடைப்பம் மாதிரி கொத்தாக நிற்கிறது, காயே இல்லை. மாமியார் பிடுங்கக் கூடாது என்கிறார்.

சிற்றிலை நோய். இலைச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி பரப்புவது, வந்த செடி திரும்பாது. அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்கும் அது போகும்.