மாரியில் இறுகும் லாச்சி: மரவேலை கேள்வி பதில்

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவருக்கு வேப்பம்பலகையில் ஆறு லாச்சி (இழுப்பறை) வைத்த அலுமாரி செய்து கொடுத்தேன். ஆடியில் கொடுக்கும்போது விரலால் தள்ளினாலே ஓடியது. கார்த்திகை மழைக்குப் பிறகு கீழ் லாச்சிகள் இரண்டும் அசையவில்லை. சீவிக் கொடுக்கவா? – கோண்டாவில் வாசகர்

பதில்: இப்போது சீவுளியை எடுக்காதீர்கள். மழைக்குப் பருத்த பலகையை இன்றைய அளவுக்குச் சீவினால், சித்திரை வெயிலில் இடைவெளி வாய் பிளந்து நிற்கும். மேல் லாச்சியைக் கழற்றி, அந்த வழியால் கையை விட்டு, இறுகியதைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுங்கள். நடுவில் தட்டுப் பலகை அடைத்திருந்தால் பின்பலகையைக் கழற்றத்தான் வேண்டும். பிறகு விளிம்பெல்லாம் வெண்கட்டி பூசி, இரண்டு தரம் தள்ளி இழுத்துப் பாருங்கள். வெண்கட்டி அழிந்த இடம்தான் பிடிக்கும் இடம்.

முகப்பின் மேல் விளிம்பில் அழிந்திருந்தால் இடைவெளி போதவில்லை. மரம் நீளவாக்கில் பருப்பது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு; அகலவாக்கில்தான் பருக்கும். 200 மில்லிமீற்றர் உயர முகப்புப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் கூடும். கோடையில் செய்யும் லாச்சிக்கு மேலே 3 மில்லிமீற்றர் விடுங்கள். மாரியில் செய்வதற்கு ஒன்றரை போதும், அது பின்னர் சுருங்கத்தான் போகிறது.

இரண்டு பக்கப் பலகைகளின் நடுவில் அழிந்திருந்தால் குற்றவாளி அடிப்பலகை. இதைப் பலர் கவனிப்பதில்லை. அடிப்பலகையின் நாரோட்டம் முன்னிருந்து பின்னாக ஓடினால், அது பருக்கும்போது இரு பக்கத்தையும் வெளியே தள்ளும். லாச்சி வயிறு ஊதியதுபோல் நிற்கும். நாரோட்டம் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்போது பலகை பின்பக்கமாக நீளும், யாரையும் தள்ளாது. அடிப்பலகை செருகும் காடிக்குள் பசை பூசவும் கூடாது. பின்பலகையின் அடியில் நீள்துளை போட்டு ஒரே ஒரு திருகாணியால் பிடித்துவிடுங்கள். பசை போட்டிருந்தால் அடிப்பலகையை வெட்டி எடுத்து, 6 மில்லிமீற்றர் பிளைவுட் போடுவதே நல்லது.

எதுவானாலும், பங்குனிக்குப் பிறகு சீவி, சீவிய விளிம்புக்கும் லாச்சியின் உட்புறத்துக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சுக் கொடுங்கள். வெளியே மட்டும் பளபளக்கப் பூசிவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டால், ஈரம் அந்தப் பக்கத்தால் ஏறிப் பலகை வளையும்.

கேள்வி: பலகை காய்ந்துவிட்டதா என்று கருவியில்லாமல் அறிய முடியுமா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: ஒரு தராசு போதும். பலகையின் நுனியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஒரு சிறு துண்டு அரியுங்கள். நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அதை நிறுத்து எழுதி, 103 பாகை செல்சியஸ் சூட்டில் நிறை குறைவது நிற்கும்வரை வாட்டுங்கள். 120 கிராம் 105 ஆகியிருந்தால், போன 15ஐ 105ஆல் வகுக்க 14 சதவீதம் சொச்சம் வரும். 12 முதல் 14 வரை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். 20 என்றால் பலகைக்கிடையே குச்சி வைத்து, நிழலில் காற்றாட அடுக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ரன்னர் (லாச்சி ஓடும் உலோகத் தண்டவாளம்) வைத்து லாச்சி செய்யும்போது அளவு ஒவ்வொரு தரமும் பிழைக்கிறது. கணக்கு எப்படி? – மானிப்பாய் வாசகர்

பதில்: பக்கத்தில் பூட்டும், உள்ளே குண்டு உருளும் ரன்னருக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம் வேண்டும். அலுமாரியின் வெளி அகலம் 900, பக்கங்களும் நடுத்தடுப்பும் 18 மில்லிமீற்றர் பலகை என்று வைப்போம். 900இல் 54 போக 846. பாதி 423, இது ஒரு வாய். அதில் இரு பக்க ரன்னருக்குமாக 26 கழிக்க லாச்சியின் வெளி அகலம் 397. பக்கப் பலகை 12 என்றால், இடையில் வரும் முன், பின் பலகைகள் 373. காடி 6 ஆழம் என்பதால் பிளைவுட் 384. 385 என்று வெட்டினால் பொருத்தும்போது மல்லுக்கட்டும்.

ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் ரன்னருக்குப் பின்னால் கடதாசி மட்டை வைத்துச் சரிக்கட்டலாம். கூடினால் வழியே இல்லை. எனவே வாயை அளக்கும்போது முன், நடு, பின் மூன்றிடமும் அளந்து, ஆகக் குறைந்ததை எடுங்கள். பசை காயுமுன் மூலைக்கு மூலை இரு குறுக்களவும் பாருங்கள். வித்தியாசம் 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் இறுக்கியைத் தளர்த்தி நேராக்குங்கள். கோணிய லாச்சியை எந்த ரன்னரும் நேராக்காது.

கேள்வி: கடற்கரை வீடு. ரன்னர்கள் துருப்பிடித்துக் கரகரக்கின்றன. எண்ணெய் விடலாமா? – பருத்தித்துறை வாசகர்

பதில்: வேண்டாம், மணலும் தூசியும் எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிடும். உப்புக்காற்று படும் வீட்டுக்கு துருப்பிடிக்காத உருக்கு ரன்னர் வாங்குங்கள். இல்லையேல் மரத்திலேயே ஓட விடுங்கள். முதிரைச் சட்டம் 20க்கு 20 மில்லிமீற்றரில் சீவி, லாச்சி உரசும் முகத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தால் நன்றாக ஓடும். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்டபோது, 1658க்கும் 1795க்கும் இடையில், அவர்கள் மொழியிலிருந்து வந்த சொல்தான் ‘லாச்சி’. அந்தக் காலத்தில் அது மரத்தில்தான் ஓடியது.

கேள்வி: கனடாவில் இருப்பவர் கைபேசியில் படம் அனுப்பி, ‘இதேமாதிரி’ என்கிறார். என்ன கேட்டு வாங்க வேண்டும்? – உரும்பிராய் வாசகர்

பதில்: படத்தில் அளவு இல்லை. அலுமாரி நிற்கப்போகும் சுவரின் அகலம், பிளக் இருக்கும் இடம், அறைக் கதவு திறக்கும் பக்கம், படிக்கட்டின் திருப்பம் நான்கையும் நீங்களே போய் அளவுங்கள். லாச்சிக்குள் என்ன வைப்பார் என்று கேளுங்கள்: சேலைக்கு 200 மில்லிமீற்றர் ஆழம் சரி, கடிதங்களுக்கு 80 போதும். முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்து, மரத்தின் பெயர், ரன்னர் வகை, கைபிடி, வார்னிஷ் நிறம் எல்லாம் அதிலேயே எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதில் எழுத்தில் வந்த பிறகு முற்பணம் வாங்குங்கள். நிறத்தை மட்டும் படத்தில் காட்டாதீர்கள். அதே பலகைத் துண்டில் பூசி, இங்குள்ள உறவினர் கையில் கொடுங்கள்.