வெள்ளைக் குதிரைக்குச் செவலைக் குட்டி

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய எங்கள் வெள்ளைப் பெட்டைக்குதிரையை, நண்பரின் வெள்ளைப் பொலிக்குதிரையோடு சேர்த்தோம். பதினோரு மாதம் காத்திருந்து பெற்ற குட்டி செவலையாக இருக்கிறது. வேறு குதிரை சேர்ந்திருக்கும் என்று ஊரில் பேசுகிறார்கள். இது வெள்ளையாகுமா?
– வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: குட்டி நலமாகப் பிறந்ததற்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை கருப்பாகவோ செவலையாகவோ பிறந்து, ஆண்டுக்காண்டு நரைத்து, ஏறத்தாழ ஆறு முதல் பத்து வயதுக்குள் வெளுப்பவை. வியன்னாவின் புகழ்பெற்ற லிபிசானர் குதிரைகளும் அப்படித்தான். தங்கள் குதிரையின் மூக்கு நுனியிலும் கண்ணோரத்திலும் தோல் கருத்திருந்தால் அது நரைத்து வெளுத்த குதிரை என்று கொள்ளலாம். தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் நொக்ரா என்னும் வகைக் குதிரையைப் போலப் பிறவியிலேயே வெள்ளை. அதன் கணக்கு வேறு.

நரைக்கும் தன்மையைத் தருவது ஒரே ஒரு மரபணு மாற்றம். 2008-இல் அது கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குட்டி நரைக்கும். இருவரிடமும் அதன் ஒரு பிரதி மட்டுமே இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி நரைக்காமல் செவலையாகவே நின்றுவிடும். தங்கள் குட்டி எந்தப் பக்கம் என்பதை அறிய, பிறவி மயிர் உதிரும் மூன்று, நான்கு மாதங்களில் அதைக் காலை வெயிலில் நிறுத்தி இமைகளைச் சுற்றிப் பாருங்கள். அங்கே வெள்ளை மயிர் வளையம்போல் தெரிந்தால் நரை தொடங்கிவிட்டது.

ஏற்காட்டில் என் லாயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கருப்பு ஆண்குட்டி வேண்டும், நெற்றியில் நல்ல சுழி வேண்டும் என்றெல்லாம் ஆசைப்பட்டுப் பல இரவுகள் விழித்திருந்தேன். பெரும்பாலான குதிரைகள் ஆளரவம் அடங்கிய இரவில்தான் ஈனும். என் குதிரையும் நான் தேநீர் குடிக்கப் போன அந்தக் கால் மணி நேரத்தில் ஈன்றுவிட்டது. மலைப்பனி லாயத்துக்குள்ளேயே இறங்கியிருந்த அந்த நேரத்தில், வைக்கோல்மேல் ஈரமாகக் கிடந்த செவலைப் பெட்டைக்குட்டியின் குளம்புகளை விரல் விரலாகத் தொங்கும் மென்சதை மூடியிருந்தது. தாயின் கருப்பையைக் கீறாமல் காக்கும் அந்த உறை, குட்டி எழுந்து நடக்க நடக்கத் தேய்ந்து போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை விழுந்து ஐந்தாம் முறை நின்று, அது சீம்பாலைத் தேடிப் போனபோது, கேட்ட நிறமும் சுழியும் என் நினைவிலேயே இல்லை. நான்கு வயதாகும் இப்போது அதன் விலாவில் சாம்பல் நிற வட்டங்கள் படர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் வேறொரு குதிரையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

நரைக்கும் குட்டியானால் ஒன்றைக் கவனியுங்கள். வளர்ந்தபின் வாலின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கருங்கட்டிகள் தோன்றக்கூடும். குளிப்பாட்டும்போதெல்லாம் தடவிப் பார்த்து, சிறிதாக இருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.