படுக்கையறைக் கேள்விகள்: பல்பு, பெயிண்ட், அப்புறம் அந்தப் பீரோ

வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவள் நான். ஒரு பெண் தனக்கென்று வைத்துக்கொள்ளும் படுக்கையறையை எப்படி அழகாகவும் மனசு அடங்குகிற மாதிரியும் அமைப்பது என்பதுதான் இன்றைய விஷயம். தனி அறை உள்ளவர், கணவரோடு பகிர்கிறவர், வாடகை வீட்டுக்காரர் எல்லோரும் கேட்கலாம். குழந்தைகள் அறையும் மாடுலர் கிச்சனும் இன்னொரு நாள்.

திருச்சி: வயது 42. மகன் விடுதிக்குப் போய்விட்டதால் பத்துக்குப் பதினொன்று அறை எனக்கே எனக்கு என்று கிடைத்திருக்கிறது. முப்பதாயிரம் வரை செலவழிக்கலாம். எங்கே ஆரம்பிப்பது?

கடைக்குப் போவதில் ஆரம்பிக்காதீர்கள். அறை நடுவில் நின்று, உங்களுடையது அல்லாத பொருள் எதெது என்று பாருங்கள். இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி மூட்டை, கொலு பொம்மைப் பெட்டி, விருந்தாளி வந்தால் விரிக்கிற நான்கு பாய், யாரோ ஆசையாக வாங்கி இப்போது துண்டு காயப்போடுகிற டிரெட்மில். அம்மாவின் அறை என்றால் வீட்டின் குடோன் என்று எல்லோரும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இவை அங்கே இருக்கும்வரை அவற்றை எடுக்க ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். நீங்கள் எந்தத் திரைச்சீலை போட்டாலும் கதவு தட்டப்படும். முதல் வாரம் இவற்றுக்கு வேறு இடம் பாருங்கள். செலவு இல்லை, ஆனால் சண்டை உண்டு.

அடுத்தது பல்பு. நம் வீடுகளில் நூற்றுக்குப் பாதிக்கு மேல் அறை கெடுவது இதனால்தான் என்பது என் கட்சி. பல்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கெல்வின் கணக்கில் ஒரு எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மளிகைக் கடைக்குச் சரி. படுக்கையறைக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் தருகிற 2700, அதிகம் போனால் 3000. நம் கண்ணில் பார்வைக்கென்று இல்லாமல், இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியானது. அவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு 6500-ஐப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மூளைக்கு அது மத்தியானம்.

ஒரே விளக்கை நம்பாதீர்கள். பெருக்கித் துடைக்கவும் புடவை மடிக்கவும் மேலே ஒன்று, அது 4000 இருந்தால்கூடப் பரவாயில்லை. தலைமாட்டில் படுத்த நிலையில் கைக்கு எட்டுகிற ஒன்று. மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த சின்னது ஒன்று. இவை இரண்டும் 2700. எலக்ட்ரீஷியன் வரும்போதே மேல் விளக்குக்கு டூ-வே ஸ்விட்ச் போடச் சொல்லி, ஒன்றை வாசலிலும் ஒன்றைக் கட்டில் பக்கமும் வையுங்கள். விளக்கணைக்க எழுந்து போய்த் திரும்பி இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்வது எந்த அலங்காரத்திலும் சேராது. டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கும். 90-க்கு மேல் கிடைத்தால் எடுங்கள்; தோலும் துணியும் தன் நிறத்தில் தெரியும்.

மீதிப் பணத்தைப் பெயிண்டுக்கும் துணிக்கும் பிரியுங்கள். கட்டில் மாற்றவேண்டாம், ஆடினால் போல்ட்டை முறுக்கச் சொல்லுங்கள்.

சேலம்: என்ன கலர் அடிக்கலாம்? பெண்கள் அறைக்குப் பிங்க்தான் அமைதி தரும் என்று படித்தேன்.

அந்தக் கதையின் மூலம் ஒரு சிறை. 1979-இல் அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள கடற்படைச் சிறையில் ஓர் அறைக்குப் பிங்க் அடித்தார்கள், கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்றார்கள். அங்கே இருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரால் அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் பிங்க் என்றே பெயர். பின்னால் ஒழுங்காகக் கட்டுப்பாடு வைத்துச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. கைதியை அடக்க அடித்த நிறம், சுற்றிவந்து உங்கள் படுக்கையறைக்கு வந்து நிற்கிறது! பிங்க் பிடித்தால் அடியுங்கள். பெண் என்பதற்காக அடிக்காதீர்கள்.

நான் அதிகம் கைவைப்பது கொஞ்சம் மண் கலந்த வெள்ளை, பச்சரிசி மாவு நிறம், காய்ந்த கறிவேப்பிலையின் மங்கிய பச்சை, செங்கல் பொடியில் நிறையப் பால் ஊற்றின மாதிரி ஒரு நிறம். ஷேடு கார்டில் நகம் அளவு சதுரத்தைப் பார்த்து முடிவு செய்தால் சுவரில் ஏறியதும் பயந்துபோவீர்கள். பெரிய பரப்பில் எந்த நிறமும் ஒரு படி உரக்கப் பேசும். சின்ன டப்பா வாங்கி, இரண்டு வேறு சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி நீங்கள் போடப்போகிற அதே பல்பில் ஒரு தடவை. பளபளப்பு வேண்டாம், மேட் எமல்ஷன் கேளுங்கள். பளபளப்பு, சுவரின் பட்டி வேலையில் உள்ள மேடு பள்ளம் அத்தனையையும் விளக்குப் போட்டதும் காட்டிக்கொடுக்கும்.

மதுரை: மேற்குப் பார்த்த அறை. என்ன கலர்?

சேலத்துக்குச் சொன்னதில் பச்சைப் பக்கம் போங்கள். சாயங்கால வெயில் ஏற்கெனவே ஆரஞ்சு. சுவரும் ஆரஞ்சு ஆனால் நான்கு மணிக்கே எரிச்சல் வரும்.

ஓசூர்: அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த இரும்புப் பீரோ, சாம்பல் நிறம், நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அறை முழுக்க மாற்றியும் அது ஒன்று நின்று கெடுக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அந்தக் காலத்துத் தகட்டின் கனம் இப்போது சாதாரணமாகக் கிடைக்காது. கார் டிங்கரிங் பட்டறைக்கு அனுப்புங்கள். கைப்பிடி, பூட்டு, கண்ணாடி மூன்றையும் கழற்றிவிட்டு, பழைய பெயிண்டைத் தேய்த்து, நசுங்கிய இடத்தில் பட்டி போட்டு, பிரைமர் அடித்து, ஸ்ப்ரே செய்துதருவார்கள். நிறம் உங்கள் சுவரின் நிறமே, ஒன்றிரண்டு படி அடர்த்தியாக, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் கேளுங்கள். சுவரோடு கலந்துவிடும். கைப்பிடியைப் பித்தளையில் மாற்றினால் போதும், பார்ப்பவர்கள் எங்கே செய்தீர்கள் என்று கேட்பார்கள். திறக்கும்போது டங்கென்று அதிர்ந்தால் கால்கள் மட்டத்தில் இல்லை. அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். முடிந்தால், கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படாத சுவருக்கு நகர்த்துங்கள்.

கும்பகோணம்: மன்னிக்கணும் மேடம். பீரோ கன்னி மூலையில் வடக்குப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். கண்ணில் படாத சுவர் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லலாமா?

சார், வாஸ்து என் துறை இல்லை. நம்புகிறவர்கள் கன்னி மூலையிலேயே வைக்கட்டும், பெயிண்ட் அங்கேயும் ஒட்டும்.

சிவகாசி: மஞ்சள் லைட் போட்டால் வீடு அழுது வடிகிறது. படித்தால் கண் கெட்டுவிடாதா?

அழுது வடிவது மஞ்சளால் அல்ல, வெளிச்சம் போதாததால். நிறம் வேறு, அளவு வேறு. டப்பாவில் லூமென் எண்ணைப் பாருங்கள். தலைமாட்டில் 2700-இலேயே கொஞ்சம் கூடுதல் லூமென் வாங்கினால் தாராளமாகப் படிக்கலாம்.

வேளச்சேரி: வாடகை வீடு. ஓனர் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார், பெயிண்டும் கூடாது. நான் தனியாக இருக்கிறேன். ஏதாவது வழி?

நல்ல கேள்வி. சுவரை மறந்துவிட்டுத் துணியில் இறங்குங்கள். அறையில் கட்டிலும் ஜன்னலும்தான் பெரிய பரப்பு, இரண்டும் துணி.

ஜன்னலுக்கு, இரண்டு பக்கச் சுவரில் அழுத்தி நிற்கிற ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது, ஆணி வேண்டாம். நாலடி ஜன்னலுக்கு நாலடித் துணி எடுத்தால் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கம்பி அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது துணி வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்றைக் குறுக்கே வெட்டினால் நாலடிக் கம்பிக்கு இரண்டு திரை வந்துவிடும். பின்னால் மட்டும் வெள்ளைக் காடா லைனிங் கொடுத்துத் தையுங்கள். வெயிலில் சாயம் சீக்கிரம் போகாது. ராத்திரி தெரு விளக்கு கண்ணில் அடிக்கிறதென்றால் லைனிங்கை பிளாக்அவுட் துணியில் போடுங்கள்.

கட்டிலுக்கு ஒரே நிறத்தில் கைத்தறி விரிப்பு. சென்னிமலைச் சரக்கு சென்னையில் கோ-ஆப்டெக்ஸிலேயே கிடைக்கும். சுவரில் ஏதாவது வேண்டும் என்று கை அரித்தால் மேஜைமேல் ஒரு படத்தைச் சாய்த்து வையுங்கள். தரை டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் கட்டிலின் ஒரு பக்கம் பவானி ஜமக்காளம். விளக்குக்குப் பிளக்கில் சொருகுகிற மேஜை விளக்கு. எல்லாவற்றையும் காலி செய்யும்போது மூட்டை கட்டிக்கொண்டு போகலாம், அட்வான்ஸும் முழுசாகத் திரும்பும்.

கொசுவுக்கு, ஜன்னல் சட்டத்தில் வெல்க்ரோவால் ஒட்டுகிற வலை போடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஓனரிடம் ஒரு வார்த்தை. கொசு கடிக்கிற அறையில் அமைதி பற்றிப் பேசிப் பயனில்லை.

ஓசூர்: கும்பகோணம் சாருக்கு. எங்கள் வீட்டில் பீரோ பத்து வருஷம் கன்னி மூலையில்தான் இருந்தது. நகைதான் அடகுக்குப் போனது.

கும்பகோணம்: வடக்குப் பார்த்து இருந்ததா என்று சொல்லவில்லையே!

கோவை: இன்னும் யார் இரும்புப் பீரோ வைத்துக்கொள்கிறார்கள்? ஸ்லைடிங் வார்ட்ரோப் போட்டால் பிரச்சினை முடிந்தது.

தஞ்சாவூர்: அம்மா கொடுத்த பீரோவை எடைக்குப் போட எப்படி மனசு வருகிறதோ. எங்கள் வீட்டில் பாட்டி பீரோ இன்னும் இருக்கிறது.

சரி, நான்கு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். திசையும் பாசமும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. பத்திரம், பாஸ்புக், எல்.ஐ.சி. பாண்ட், நகை, மகளின் சான்றிதழ், கணவரின் வெள்ளை வேட்டி. வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் அந்த அறைக்குத்தான் வரவேண்டும். சாவி அம்மாவிடம் என்பது ஒரு காலத்தில் அதிகாரம். இப்போது பல வீட்டில் அது ஓயாத டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணசந்தால், "பீரோ சாவி எங்கே?" ஓசூர்த் தங்கைக்கு என் யோசனை: காகிதங்களுக்கு ஹாலில் ஒரு சின்னப் பூட்டு அலமாரி போடுங்கள். கணவர் துணி கணவர் இடத்துக்குப் போகட்டும். பீரோவில் உங்களுடையது மட்டும் இருக்கட்டும்.

கோவைக்கு: ஸ்லைடிங் நல்லதுதான். ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், கீழ்த் தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் இழுபடும். ஈரச் சுவரை ஒட்டிப் போடுவதென்றால் தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட் கேட்டு, அதன் தர எண்ணான ஐ.எஸ். 710 என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

கும்பகோணம்: ஹாலில் பத்திரம் வைப்பது பாதுகாப்பில்லை.

பூட்டு அலமாரி என்றுதானே சொன்னேன் சார்.

ஈரோடு: என்ன கலர் அடிக்கலாம்?

மேலே.

புதுச்சேரி: ஸ்நேக் பிளாண்ட் வைத்தால் காற்று சுத்தமாகும், நாசாவே சொன்னது என்கிறார்கள். எத்தனை தொட்டி வைக்கலாம்?

நாசாவின் 1989 ஆய்வு, காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. உங்கள் அறை பெட்டி இல்லை. பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த கணக்குப்படி, சாதாரணக் காற்றோட்டம் செய்வதைச் செடி செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும். படுக்க இடம் இருக்காது. கண்ணுக்கு அழகு என்று ஒன்று வையுங்கள், தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

தாம்பரம்: ஃபால்ஸ் சீலிங், சுற்றிலும் மறைவிளக்கு போட ஆசை. உயரம் ஒன்பதரை அடி.

வேண்டாம். அரை அடி போய்விடும், ஃபேன் தலைமேல் இறங்கும்.

கரூர்: ஆயிரம் த்ரெட் கவுண்ட் பெட்ஷீட் வாங்கலாமா?

கரூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள நூல்களின் எண்ணிக்கை. பல இழை முறுக்கிய நூலில் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எண்ணித்தான் பெரும்பாலும் ஆயிரம் காட்டுகிறார்கள். நல்ல பருத்தியில் 200 முதல் 400 போதும். நம் வெக்கைக்கு வழுவழு சாட்டீன் வேண்டாம், ஒன்று மேல் ஒன்று கீழ் போகிற சாதா நெசவுதான் காற்று விடும்.

விழுப்புரம்: சுவரில் ஓதம், பெயிண்ட் உரிகிறது. வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா?

கூடாது. பின்னால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுத்த பக்கம் குளியலறை என்றால் டைல்ஸ் இடுக்கில் ஆரம்பியுங்கள்.

கடலூர்: எல்லாம் மாற்றியும் மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை. எந்த நிறம் உதவும்?

அம்மா, இதற்கு நிறம் இல்லை. மூன்று மாதம் என்றால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

திண்டுக்கல்: பெட்ரூமுக்கு எந்த பல்பு நல்லது?

2700. டப்பாவின் பின்பக்கம். இதற்குமேல் பல்பு பற்றிக் கேட்டால் பதில் கிடையாது.

நாகர்கோவில்: கடல் பக்கம் வீடு. பீரோவின் அடிப்பகுதி துரு. ஓசூருக்குச் சொன்ன பெயிண்ட் எங்களுக்குத் தாங்குமா?

தாங்கும், வேலை சரியாக நடந்தால். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்பளம் விடும். வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கச் சொல்லி, நீங்களே போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். துத்தநாகப் பிரைமர் என்று கேளுங்கள், இரண்டு கை. அடித்தட்டின் கீழ்ப்பக்கத்தையும் கால்களின் உள்பக்கத்தையும் விட்டுவிடுவார்கள், அங்கேதான் முதலில் துரு ஏறும். கவிழ்த்துப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். வாடை முழுக்கப் போகும்வரை கதவைத் திறந்தே வையுங்கள், அதற்குள் பட்டுப்புடவையை உள்ளே அடுக்கிவிடாதீர்கள்.