அப்பா எதற்காக வந்து நின்றார்?

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தேதான். 2010-ல் வந்த ‘ஆல்பா புரோட்டோகால்’ என்ற உளவாளி கேம் என்றால் எனக்கு உயிர். பாட்டு உரிமம் முடிந்துபோனதால் 2019-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2024-ல் திரும்ப வந்ததும் வாங்கி, இப்போது ஐந்தாவது முறையாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இரவு எட்டிலிருந்து பத்து வரை, அவ்வளவுதான். குடி கிடையாது, வெளியே சுற்றுவது கிடையாது. ஆனாலும் மனைவி ‘இந்த வயசுல இது தேவையா’ என்று தினமும் சண்டை போடுகிறாள். அம்மா இறந்து ஒன்றரை வருடமாகிறது, அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அவரே ஒன்றும் சொல்வதில்லை. எட்டரை மணி வாக்கில் கதவருகே வந்து நிற்பார், ஹெட்செட்டைக் கழற்றி ‘என்னப்பா’ என்றால் ‘ஒண்ணுமில்ல, நீ விளையாடு’ என்று போய்விடுவார். நான் செய்வது தப்பா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கையெழுத்தில் மூன்று பக்கம், இடம் போதாமல் சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த கேமில், ரோம் நகரத்தில் மேடிசன் என்ற பெண்ணைக் காப்பாற்றுவதா, அருங்காட்சியகத்தில் வெடிக்கப்போகும் குண்டுகளைத் தடுப்பதா, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு இரண்டு வரி. அதையும் உங்கள் பக்கத்துச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள், அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை, இவளுக்கு மட்டும் என்ன என்று.

விளையாடுவது தப்பா என்ற கேள்வி எனக்கு மாதத்துக்கு ஐந்தாறு வரும், அதற்கு நான் பதில் எழுதி வருஷக்கணக்காகிறது. இரண்டு மணி நேரம் விளையாடுங்கள், மூன்று மணி நேரம்கூட விளையாடுங்கள். நான் கேட்பது வேறு. உங்கள் அப்பா எதற்காக வந்து நின்றார்?

ஒரு நாள் வந்து ‘ஒண்ணுமில்ல’ என்றால் சரி, ஒன்றுமில்லைதான். தினமும் அதே நேரத்துக்கு எழுந்து வந்து மகன் அறை வாசலில் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லையா? இதைக்கூடவா ஒருவர் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டும்?

அந்த விளையாட்டு எப்படி என்று தெரிந்துகொள்ள என் அக்கா மகனை உட்காரவைத்து ஆடிக் காட்டச் சொன்னேன். மைக்கேல் தோர்ட்டன் என்ற உளவாளி சவுதி அரேபியா, ரோம், மாஸ்கோ, தைபே என்று போகிறான். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள், நயமாகப் பேசுவதா, காரியத்தை மட்டும் பேசுவதா, முரட்டுத்தனமாகப் பேசுவதா என்று நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். திரையில் நேரத்தைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வருகிறது, யோசித்துக்கொண்டே இருந்தால் விளையாட்டே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசிவிடுகிறது, நீங்கள் சும்மா இருந்ததும் ஒரு பதிலாகிப் பின்னால் உங்களிடமே திரும்பி வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கோப்புகள். யாரையாவது சந்திக்கப் போகிறான் என்றால் அவருடைய ஊர், பழைய வேலை, பலவீனம் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, காசு கொடுத்துக்கூட வாங்கிப் படித்துவிட்டுப் போகிறான். அப்படித் தெரிந்துகொண்டு போனால்தான் சிலரிடம் சில வார்த்தைகளைப் பேசவே முடிகிறது. நல்ல விளையாட்டுதான், ஐந்து முறை ஆடியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, உங்கள் அப்பாவைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது? காலையில் என்ன மாத்திரை போடுகிறார்? கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது? அம்மா போனபிறகு மத்தியானம் யாரோடு பேசுகிறார்? இதில் ஒன்றுக்காவது மனைவியைக் கேட்காமல் உங்களால் பதில் சொல்ல முடியுமா?

நம் வீடுகளில் அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்கிற பழக்கம் குறைவு. ‘உன் பையன்கிட்ட சொல்லு’ என்பார் அவர், ‘அப்பாகிட்ட நீயே கேளும்மா’ என்பீர்கள் நீங்கள், நடுவில் அம்மா இருந்து முப்பது வருஷம் இரண்டு பக்கமும் சுமந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த வழி அடைந்துபோனது. அதற்கப்புறம் உங்கள் அப்பா, இந்த வயதில், தானாக எழுந்து வந்து நிற்கப் பழகியிருக்கிறார். அவர் பங்குக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு காதிலிருந்து ஹெட்செட்டை விலக்கி, கண் திரையில் இருக்க, ‘என்னப்பா’ என்கிறீர்கள். அந்தக் குரலுக்கு எந்த அப்பாவும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்வார்.

உங்கள் அப்பா வயதுக்காரர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் பெரிய விஷயங்களே இல்லை. பென்ஷனுக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும், போனில் முகத்தைக் காட்டச் சொல்கிறது, எப்படி என்று தெரியவில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், மருமகளிடம் எப்படிச் சொல்வது. மனைவியின் புடவைகளை என்ன செய்வது. இதையெல்லாம் முன்பின் தெரியாத என்னிடம் கேட்கிறார்கள், பக்கத்து அறையில் மகன் இருக்கும்போதே. அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு வருகிற கோபத்தை இன்று உங்களிடம் காட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். பெற்றவரைக் கூட வைத்து மூன்று வேளை சோறு போடுவது மட்டும் மகன் கடமை என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் வாய் திறக்க நீங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

மனைவியை அனுப்பி ‘அப்பாவுக்கு என்னன்னு கேளு’ என்று மட்டும் செய்யாதீர்கள். அம்மா சுமந்ததை அந்தப் பெண் தலையில் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அவர் போடும் சண்டையும் இதைப் பற்றியதாகவே இருக்கலாம். அதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

அப்பாவிடம் போய் ‘என்ன வேணும்ப்பா’ என்று கேட்டால் அதே ‘ஒண்ணுமில்ல’தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். பென்ஷன் சான்றிதழ் கொடுத்தாச்சா, கண்ணாடியைக் காட்டுங்கள் பவர் சரியாக இருக்கிறதா பார்ப்போம், இப்படி. ஒரு டம்ளர் பால் அவருக்கு, ஒன்று உங்களுக்கு எடுத்துக்கொண்டு போங்கள், போனை உங்கள் அறையிலேயே வைத்துவிடுங்கள். முதல் நாள் பேசமாட்டார், தினத்தந்தியை மடித்து மடித்து வைப்பார். உட்கார்ந்திருங்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ சொல்வார்.

எட்டரைக்கு அவர் வந்து நிற்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு எட்டு மணிக்கே நீங்கள் அவர் அறைக்குப் போய்விடுங்கள்.