சென்னையிலிருந்து பதினைந்து பேர் சேர்ந்து ஒரு முழுநாள் சைக்கிள் பயணம் போக விரும்புகிறோம். எப்படி ஏற்பாடு செய்வது?

உங்கள் கேள்வியில் உள்ள விவரம் இது: அலுவலகத்திலும் குடியிருப்பிலும் பழக்கமான பதினைந்து பேர் இருக்கிறீர்கள். அவர்களில் பாதிப் பேர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஓட்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும், அது யாருக்கும் தண்டனையாகிவிடக் கூடாது. இதே சாலையில் இப்படிப்பட்ட குழுக்களைச் சில ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிறேன் என்பதால், என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இன்று பின்பற்றும் முறைகள் பெரும்பாலும் அந்த ஒரு நாளிலிருந்து வந்தவை. அது ஜனவரி மாதம். திருவான்மியூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை பதினொரு பேர் கிளம்பினோம். போகும்போது சைக்கிள் தானாகவே ஓடுவதுபோல் இருந்தது, மணிக்கு 27, 28 கிலோமீட்டர் வேகம் எவருக்கும் சிரமமாகத் தெரியவில்லை. எல்லோரும் நன்றாகத் தயாராகி வந்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்தேன். திரும்பும்போதுதான் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று என்பது புரிந்தது. கோவளத்தில் இளநீர் குடிக்க நின்று எண்ணிப் பார்த்தபோது ஓர் ஆள் குறைந்தார். பட்டிபுலம் அருகே பஞ்சராகி, கைபேசியில் சார்ஜும் தீர்ந்து, ஒரு புளியமர நிழலில் அவர் ஒன்றேகால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் தேடிப் போனபோது அவர் கோபப்படவில்லை. "நான் மெதுவாக வந்ததால்தானே" என்று மட்டும் சொன்னார். அவர் மெதுவாக வரவில்லை, நாங்கள்தான் அவரை விட்டுவிட்டுப் போனோம். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது.

எனவே தூரத்தையும் நேரத்தையும் முடிவு செய்வதற்கு முன் காற்றைப் பாருங்கள். நம் முன்னோர்கள் திசைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த நான்கு பெயர்களும் மிகவும் பயன்படும். சைக்கிளுக்கு ஏற்ற குளிர்ந்த மாதங்களான ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அதாவது தெற்கே போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று, உடம்பு களைத்துத் திரும்பும்போது வலது கன்னத்திலும் நெற்றியிலும் மோதும். ஜூன், ஜூலையில் இது மாறிவிடும். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று வடக்கே திரும்புகிறவருக்கு உதவி செய்யும். ஆனால் அந்த மாதங்களின் வெயிலில் புதியவர்களை அழைத்துச் செல்ல நான் துணிய மாட்டேன். ஆகவே பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு, போகும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே நல்லது. அதற்கு ஒரே வழி, வேகத்தை முன்கூட்டியே ஓர் எண்ணாக முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுவது.

இந்த முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட மரபு இருக்கிறது. 1897இல் இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைச் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில் கடக்க முயன்றார்கள். துணிந்தவர்கள் என்ற பொருளில் 'ஆடாக்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச் 1904இல் அதைப் பிரான்சில் ஒழுங்குபடுத்தினார். சென்னையில் இன்று பலர் ஓட்டும், 'பிரவே' எனப்படும் நேர வரம்புள்ள 200 கிலோமீட்டர் பயணங்களில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஓட்டி, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். பழைய ஆடாக்ஸ் முறை அப்படியல்ல. அதில் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருப்பார், அவரை யாரும் முந்தக் கூடாது, வேகம் பெரும்பாலும் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று வைக்கப்படும், எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். உங்கள் பதினைந்து பேருக்கு வேண்டியது இந்த இரண்டாவது முறைதான். பெயரளவில் 'குழுப் பயணம்' என்று சொல்லிவிட்டு முதல் முறையில் ஓட்டுவதால்தான் பல பயணங்கள் மனக்கசப்பில் முடிகின்றன.

உங்கள் குழுவுக்கு 22.5 அதிகம். போகும்போது 20, திரும்பும்போது 17 என்று கணக்கிடுங்கள். திருவான்மியூரிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஆகப் போய்வர 120. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் முட்டுக்காட்டுப் பாலத்தில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம், எட்டு மணிக்கு மாமல்லபுரத்தில் காலை உணவு, ஒன்பதரைக்குச் சதுரங்கப்பட்டினம், பத்தேகாலுக்குத் திரும்பத் தொடங்கினால் பிற்பகல் இரண்டரைக்குள் வீடு. இந்த நேரங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைத்துவிடுங்கள். அடுத்த நிறுத்தம் எங்கே, எப்போது என்று தெரிந்தவர் மனம் தளர்வதில்லை. தெரியாதவருக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட முடிவில்லாததாகத் தோன்றும்.

பதினைந்து பேரும் ஒரே வரிசையில் போகக் கூடாது. அத்தனை நீளமான வரிசையை முந்த முடியாமல் பேருந்து ஓட்டுநர் பாதியில் உள்ளே வெட்டுவார். ஏழு பேர், எட்டுப் பேர் என இரண்டாகப் பிரிந்து, இடையில் இருநூறு மீட்டர் விட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒரு 'லீட்', கடைசியில் ஒரு 'ஸ்வீப்'. இந்த இரண்டில் பொறுப்பு அதிகமுள்ளது கடைசி இடம். உங்களில் மிக வலுவாக ஓட்டக்கூடியவரை, பஞ்சர் ஒட்டத் தெரிந்தவரை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையுள்ளவரை அங்கே வையுங்கள். நாள் முழுவதும் அவர் ஒருவர்கூடப் பின்தங்காமல் பார்த்துக்கொள்வார். களைத்தவருடன் பேசிக்கொண்டே ஓட்டுவார், 'என்னால் தாமதமாகிறது' என்ற எண்ணம் அவருக்கு வராமல் காப்பார். ஏற்பாடு செய்கிறவர் நீங்கள் என்றால் அந்த இடம் உங்களுடையது என்றே நான் நினைக்கிறேன். முன்னால் போனால் உங்களுக்குச் சாலைதான் தெரியும், பின்னால் வந்தால் குழு தெரியும்.

முன்னால் போகிறவர் பார்ப்பதைப் பின்னால் வருகிறவர் பார்க்க முடியாது என்பதால், 'குழி', 'மணல்', 'நாய்', 'நிற்கிறோம்' என்று முன்னவர் உரக்கச் சொல்ல, ஒவ்வொருவரும் அதைத் தமக்குப் பின்னால் கடத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் செருகி ஓட்ட வேண்டாம் என்று புதியவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் நடக்கும் விழுதல்களில் பல அந்த உரசலால் வருபவை. எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவர் ஒரு சைக்கிள் நீள இடைவெளியில் போனாலே பின்னால் இருப்பவருக்குச் சுமை நன்றாகக் குறையும். திரும்பும் வழியில் வலுவானவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளட்டும், புதியவர்கள் நடுவில் வரட்டும். ஹெல்மெட்டும் பின்விளக்கும் இல்லாதவரை, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், நான் கிளம்பவிடுவதில்லை.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் போவது அங்கேதான். இந்தச் சாலையின் ஓரத்தில் வெடித்த லாரி டயர்களின் துணுக்குகள் கிடக்கும். அவற்றுள் இருக்கும் முடிபோன்ற எஃகுக் கம்பி நம் டயருக்குள் ஏறிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, காற்று மெல்ல இறங்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி நிற்க வேண்டும். டயரைக் கழற்றி உட்புறத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் பஞ்சு சிக்கி இழை நீளும். அங்கேதான் கம்பி இருக்கிறது. விரலால் பிடுங்க வராது. நகவெட்டியின் நுனியால் பற்றி இழுத்தால் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டு கையில் வரும். அதனால் என் பையில் எப்போதும் பஞ்சும் நகவெட்டியும் உண்டு. இன்னொன்று: கியர் சைக்கிள்கள் சிலவற்றில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும், சாலையோரப் பஞ்சர் கடையின் பம்பு அதற்குப் பொருந்தாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு பித்தளை அடாப்டர் இருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒவ்வொருவரும் தம் சக்கர அளவுக்கான டியூப் ஒன்றைத் தாமே கொண்டுவர வேண்டும். பம்பும், டயரைக் கழற்ற உதவும் லீவரும் பிரிவுக்கு ஒன்று போதும்.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை, பசிப்பதற்கு முன் சாப்பிட வேண்டும். மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலைமிட்டாயோ போதும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், ஆனால் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது, எனவே உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே வேண்டும். மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிடுங்கள். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் கூப்பிடும், அதற்கு இடம் கொடுத்தவர்கள் கல்பாக்கம் வரும்முன் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி மகிழ்ச்சி. ஒழுங்கு இவ்வளவு தேவைப்படுவதே, நின்று பார்க்க மனமும் நேரமும் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான். முட்டுக்காட்டுப் பாலத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். இருட்டு விலக விலக உப்பங்கழியின் நீர் முதலில் சாம்பல் நிறமாகவும், பிறகு செம்பு நிறமாகவும் மாறும். இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவர் தெரிவதற்கு முன்பே, வலை நீரில் விழும் ஓசை கேட்கும். காரில் எத்தனையோ முறை அந்தப் பாலத்தைக் கடந்திருந்தும் அந்த ஓசையை முதன்முறை கேட்டதாக என் நண்பர்கள் ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து சாளுவன்குப்பம். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையை எல்லோரும் அறிவார்கள். அதன் அருகிலேயே, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இல் தோண்டியெடுக்கப்பட்ட பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளத்தைப் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டைக்குள் எழுத்துகள் செதுக்கிய கல்லறைகள் இருக்கின்றன. மதில் நிழலில் காலணியைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார அதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. வழக்கமாகப் பேசாதவர்கள் அங்கே பேசத் தொடங்குவார்கள். ஆறு மாதம் பக்கத்து மேசையில் வேலை செய்தவரின் ஊர் எது, அவர் சைக்கிள் கற்றுக்கொண்டது யாரிடம் என்பதெல்லாம் எனக்கு அந்த மதிலடியில்தான் தெரியவந்தது.

திரும்பும்போது யாராவது முடியவில்லை என்று சொன்னால், உற்சாகப்படுத்தி ஓட்டவைக்க முயல வேண்டாம். சைக்கிளை ஏற்றக்கூடிய ஒரு சிறிய வண்டியின் ஓட்டுநரிடம் முன்பே பேசி எண்ணை வாங்கி வைத்திருங்கள், செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகவும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். வண்டி இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்குத் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்தவுடன் ஒருமுறை, கிளம்பும்முன் ஒருமுறை தலைகளை எண்ணுங்கள். உத்தண்டி சுங்கச்சாவடி அருகே கடைசியாகக் கூடுங்கள், ஏனென்றால் அதற்கப்பால் நகரத்து நெரிசலில் வரிசை நிற்காது. அங்கிருந்து இருவர் மூவராகப் பிரிந்து போய், வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு செய்தி போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடற்காற்றின் உப்பு செயினை அரித்துவிடும் என்பதால் அன்று மாலையே அதைத் துடைத்து எண்ணெய் போட வேண்டியிருக்கும். நான் அந்த வேலையை வாசற்படியில் உட்கார்ந்து செய்துகொண்டே, கைபேசியைப் பக்கத்தில் வைத்து, வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எண்ணுவேன்.