புலியா, குரங்குக் குட்டியா: போட்டிக்கு எந்தப் படம்?

மிருகக்காட்சிசாலையில் எடுத்த இரண்டு படங்களில், கொட்டாவி விடும் புலியையா, தாயின் மடியில் இருக்கும் குரங்குக் குட்டியையா, எதைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். குரங்குக் குட்டியையே அனுப்புங்கள். புலிப் படம்தான் கூர்மை என்கிறீர்கள், சரி. ஆனால் கொட்டாவி விடும் புலியை நடுவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். தாயின் மடியிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தப் பார்வை திரும்பக் கிடைக்காது.

மனம் புலியை விடாததற்குக் காரணம், அதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காத்திருப்பு படத்தில் தெரியாதே!

குட்டியின் முகத்தை 100% அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக இருந்து, படம் மட்டும் வெளிறியிருந்தால், அது கண்ணாடித் தடுப்பின் பிரதிபலிப்பாகவோ லென்ஸுக்கு அருகில் இருந்த வலையாகவோ இருக்கும். கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். ஃபோகஸ் தாயின் தோளில் விழுந்திருந்தால் காப்பாற்றுவது கடினம், அப்போது புலிதான்.

அப்புறம், படத்தின் ஓரத்தில் தெரியும் கம்பியை எடிட் செய்து அழிக்கப் போவதாகச் சொன்னீர்கள். விதிகளைப் படிக்காமல் செய்யாதீர்கள். பல போட்டிகளில் வெளிச்சம், நிறம் ஆகியவற்றைத் திருத்துவது, கிராப் (ஓரங்களை வெட்டுவது) வரைதான் அனுமதி. கிராப் செய்தே கம்பியை வெளியேற்றுங்கள், போட்டி கேட்கும் குறைந்தபட்ச பிக்ஸல் அளவு மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்; சில நடுவர்கள் அதைக் கேட்பார்கள்.